ஏலுமோ என்று கேட்டார்கள்

அக்காவின் மகன் முதல் தடவை இன்னொருவரின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபோது அவனுக்குப் பதினைந்து வயது. டியூஷன் வகுப்புக்கு வெளியே திறப்போடு நின்ற வண்டி. திரியாய் வரை ஓட்டிப் போயிருக்கிறான். பெற்றோல் முடிந்த இடத்தில் வண்டியை ஒரு வேப்பமரத்தின் கீழ் விட்டு, திறப்பை இருக்கைக்கு அடியில் செருகிவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வந்தான். கை கால் கழுவி, குசினியில் நின்றபடியே சோறு போட்டுச் சாப்பிட்டான். அடுத்த நாள் காலை பொலிசார் வாசல் படலையில் வந்து நிற்கும் வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் தாதியாக வேலை செய்கிறேன். அக்கா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவனுக்கு நாலு வயதாக இருக்கும்போதே தகப்பன் வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். ஏழு வயதிலிருந்து அவன் என்னோடு லிங்கநகரில்தான் வளர்ந்தான். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்கு அவன் காரணமில்லை என்று அவனிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவன் நம்பினானோ தெரியாது.

அந்த முதல் தடவை பொலிஸ் நிலையத்தில் என்னை ஒரு கதிரையில் இருத்தி, அவனை நிற்க வைத்துப் பேசினார்கள். வண்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. உரிமையாளரும் பெரிதுபடுத்தவில்லை.

"இந்த முறை எச்சரிச்சு விடுறம்," என்றார் பொறுப்பதிகாரி. "நீங்கள்தானே பாதுகாவலர்?"

"ஓம் சேர்."

"அப்ப நீங்கள்தான் பாக்கவேணும்."

பார்க்கிறேன் என்றேன். அந்தச் சொல்லைப் பிறகு எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கேட்டேன். "உனக்கு வண்டி வேணுமெண்டால் என்னட்டக் கேட்டிருக்கலாமே. லைசன் எடுக்கிற வயசு வரட்டும், வாங்குவம்."

"எனக்கு வண்டி வேண்டாம் சித்தி."

"அப்ப என்ன வேணும்?"

அவன் யோசித்தான். விளையாட்டுக்குப் பதில் சொல்கிற பிள்ளையல்ல அவன். "போகேக்க நல்லா இருக்கும்," என்றான். "திரும்பி வாறதுதான் ஏலாது."

சில மாதங்களில் மீண்டும் அதே வேலை. இந்த முறை சந்தைக்கு முன்னால் நின்ற வண்டி. உரிமையாளர் முறைப்பாடு கொடுத்ததால் நீதிமன்றம் போகவேண்டி வந்தது. சிறுவர் வழக்குகளைத் திறந்த மன்றில் எடுப்பதில்லை. நீதவானின் அறைக்குள்தான் விசாரணை. வெளியே மர வாங்கில் காத்திருந்தோம். வளவுக்குள் வந்த மான் ஒன்று யாரோ எறிந்த கடதாசியைச் சப்பிக்கொண்டு நின்றது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு சின்னப் பிள்ளை.

நீதவான் என்னைவிட வயதில் குறைந்த பெண். குரலை உயர்த்தாமல் பேசினார். நன்னடத்தைப் பிணையில் அவனை விட்டார். நான் கையெழுத்து வைத்தேன். அன்றுதான் நன்னடத்தை உத்தியோகத்தர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண், ஸ்கூட்டரில் வருவார், தலைக்கவசத்தைக் கழற்றியதும் முதலில் தண்ணீர்தான் கேட்பார். அவனோடு தனியாக இருந்து கதைப்பார். பிறகு என்னிடம் வருவார்.

"வண்டியில ஆசையெண்டால் அதையே தொழிலாப் பழகட்டும்," என்றார். "ஒரு கராஜில விட்டுப் பாப்பம்."

அவருக்குத் தெரிந்த கராஜ் முதலாளி நல்ல மனிதர். பள்ளி முடிந்து பின்னேரங்களில் அவன் அங்கே போனான். கையில் கிறீஸ் மணத்தோடு வருவான். காபுரேற்றர் என்றால் என்ன, செயின் ஏன் தளர்கிறது என்றெல்லாம் சாப்பிடும்போது சொல்வான். இப்போது சரியாகிவிட்டது என்று நான் நம்பினேன். அக்காவுக்கும் அப்படியே சொன்னேன். அவள் குவைத்தில் போனைப் பிடித்தபடி அழுதாள்.

கராஜில் ஒரு வாடிக்கையாளர் சேர்விசுக்கு விட்ட புது வண்டியை ஒரு வெள்ளிக்கிழமை அவன் எடுத்துக்கொண்டு போனான். மறுபடியும் திரியாய்ப் பக்கம். அன்று மழை. வழியில் சறுக்கி விழுந்து முழங்கை கிழிந்திருந்தது. அவனே வண்டியை உருட்டிக்கொண்டு வந்து கராஜில் விட்டான். முதலாளி பொலிசுக்குப் போகவில்லை. வண்டிக்காரர் போனார்.

அதன் பிறகு முதலாளி வீட்டுக்கு வந்து வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, கை நல்ல கை. ஆனா இனி வச்சிருக்க ஏலாது. சனம் என்னை நம்பித்தான் வண்டியை விடுகுது."

நான் அவரை உள்ளே வரச் சொல்லவும் மறந்துபோனேன்.

இரண்டாவது தடவை அந்த அறைக்குள் போனபோது நீதவான் நீண்ட நேரம் எழுதினார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். சனிக்கிழமைகளில் சமூக சேவை. வாரம் ஒரு முறை உத்தியோகத்தரிடம் போகவேண்டும். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு விடியும் வரை வீட்டுக்குள் இருக்கவேண்டும். அவன் வெளியே போனால் அதை அறிவிக்கும் பொறுப்பு என்னுடையது.

"பிள்ளையை வெளியில அனுப்பாமப் பாக்கிறதுக்கு இதுதான் வழி," என்றார். 'வெளியில' என்று அவர் சொன்னது வீட்டுக்கு வெளியே, எங்கோ இருக்கும் மதிலுள்ள இடத்தை. நான் நன்றி சொன்னேன். மனதார நன்றி சொன்னேன்.

அந்த மாதங்களைப் பற்றித்தான் எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வருவதில்லை. எங்கள் வீட்டில் யன்னல்களுக்கெல்லாம் கம்பி. முன் கதவுக்கு ஒரு பூட்டு, பின் கதவுக்கு ஒரு பூட்டு. ஆறு மணிக்கு இரண்டையும் பூட்டித் திறப்புகளை என் உடுப்புக்குள் குத்திக்கொள்வேன். இரவுக் கடமை செய்ய ஏலாது என்று தலைமைத் தாதியான மேற்றனிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் என்னுடைய இரவுகளை யாரோ ஒருவர் செய்யத்தானே வேண்டும்? ஒரு தாதி உடுப்பு மாற்றும் அறையில், என் முகத்தைப் பாராமல், "சிலபேருக்கு மட்டும் இரவே இல்லை," என்றாள். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு.

பின்னேரக் கடமையும் செய்ய ஏலாது. கலியாணவீடு, செத்தவீடு, அயலில் ஒரு பிறந்தநாள், எதுவும் இல்லை. அவனைத் தனியே விட்டுப் போகவும் ஏலாது, கூட்டிக்கொண்டு போகவும் ஏலாது. கோடையில் ஆறு மணிக்கு வெளிச்சம் இன்னும் இருக்கும். கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையால் கதைத்துக்கொண்டு போவார்கள். நாங்கள் இருவரும் வேர்த்தபடி உள்ளே இருப்போம். கரம் போர்ட் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு நாளும் விளையாடினோம். அவன் சிவப்புக் காயை மூலையிலிருந்து ஒரே அடியில் விழுத்துவான். சில நாட்களில் சிரித்தோம் என்பதும் உண்மைதான். ஆனால் வெளியே ஏதாவது ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகிப் போகும்போது அவன் விரல் காயின் மேல் அப்படியே நின்றுவிடும். சத்தம் தேயும் வரை நிற்கும். நானும் காத்திருப்பேன். பிறகு அடிப்பான்.

ஞாயிறு காலை தேவாலயப் பூசைக்குப் போவோம். அவனை வாங்கின் சுவர்ப் பக்கம் விட்டு நான் ஓரத்தில் இருப்பேன். ஒருநாள் அதை அவன் கவனித்தான். "நான் கோயிலுக்க இருந்து ஓடமாட்டன் சித்தி," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் இடம் மாறி இருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஒரு பாலர் பாடசாலையின் மதிலுக்கு வெள்ளை அடித்தான். எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று உத்தியோகத்தர் எழுதினார். அவர் எழுதியது சரி. அவன் எதையும் மீறவில்லை. ஆனால் நான் மெலிந்துகொண்டு வந்தேன். இரவில் நித்திரை இல்லை. பின் கதவுப் பக்கம் ஒரு பூனை நடந்தாலும் எழும்பிப் போய் அவன் கட்டிலைப் பார்ப்பேன். சில தடவை அவனும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

அந்தப் பின்னேரம் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் இல்லை. ஒழுங்கை முகப்பில்தான் கடை. ஐந்து மணி இருக்கும். நான் குசினியில் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "ஓடிப்போய் ஒரு பாண் வாங்கிக்கொண்டு வா," என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். அவனும் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

கடைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருக்கிறது.

சம்பல் இடித்து முடித்தேன். ஆறு மணியும் ஆயிற்று. படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் நின்றேன். உத்தியோகத்தருக்கு அறிவிக்கவேண்டும், அதுதான் நிபந்தனை. போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவருடைய இலக்கத்தை அழுத்தவேண்டும் என்று நினைக்கும்போதே பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது.

இந்த முறை அவன் திரியாய்ப் பக்கம் போகவில்லை. சீனன்குடாவைக் கடந்து கிண்ணியா வீதியில் போயிருக்கிறான். மீன் விற்றுவிட்டு வெறும் பெட்டியோடு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரை வளைவில் மோதியிருக்கிறான். அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அவன் வண்டியை விட்டுவிட்டு ஓடவில்லை. அவரை வீதியிலிருந்து இழுத்து ஓரத்தில் கிடத்தி, தன் சேர்ட்டைக் கழற்றித் தலைக்கு வைத்து, பக்கத்திலேயே இருந்திருக்கிறான். வந்த சனம் அடித்தபோதும் எழும்பவில்லை.

அடிபட்டவரை நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்திருந்தார்கள். நான் வேறு வாட்டில். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் சீருடையோடு போகக்கூடாது என்று தோன்றியது. கடமை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தார். தலையை மூடிய சீலைத் தலைப்பின் நுனியை வாயில் கவ்வியபடி, கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன்.

"உங்கட புள்ளையா?" என்று கேட்டார்.

"அக்காட மகன். நான்தான் வளக்கிறன்."

"உம்மா எங்க?"

"குவைத்தில."

அவர் தலையை ஆட்டினார். குவைத் என்பது அவருக்கும் விளங்கிய சொல். கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"அவன் என்னப் போட்டுட்டு ஓடல. அத நான் கோட்டுல சொல்லுவன். என்ன இடிச்சதையும் சொல்லுவன். உள்ளதத்தான் சொல்ல ஏலும்."

"அதைத்தான் சொல்லவேணும்," என்றேன்.

"மீன் யாவாரம் காலாலதான் நடக்கிது," என்றார் மனைவி. எங்களில் யாரைக் குறை சொல்கிறார் என்று விளங்காத குரல். பிறகு கரண்டியைக் கஞ்சிக்குள் விட்டார். நான் கொண்டு போன தோடம்பழங்களைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த தவணைக்கு முதல்நாள் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். அவன் அப்போது தடுத்து வைக்கப்பட்டிருந்தான். தண்ணீர் குடித்துவிட்டு, கரம் போர்டைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு இருந்தார்.

"நாளைக்கு நீதவான் உங்களைக் கேப்பா," என்றார். "வீட்டில வச்சுப் பாக்க ஏலுமோ எண்டு. நான் என்ட அறிக்கையைக் குடுத்திட்டன். ஆனா உங்கட வாயாலயும் கேப்பா."

"ஏலும் எண்டால்?"

"எப்பிடி ஏலும் எண்டும் சொல்லவேணும்." தலைக்கவசத்தை மடியில் எடுத்து வைத்தார். "உங்களுக்கு ஒண்டு சொல்லுறன் மிஸ். நான் உங்களைப் பாத்துக்கொண்டுதான் வந்தனான். தண்டனை அவனுக்கு மட்டும் நடந்ததெண்டு நான் நினைக்கேல்ல."

அவர் போன பிறகு அக்கா குவைத்திலிருந்து போன் எடுத்தாள். கடவுச்சீட்டு எசமானிடம் இருக்கிறது, ஒப்பந்தம் முடியாமல் வர ஏலாது என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"பாக்கிறன் எண்டு மட்டும் சொல்லு," என்றாள். "நீ சொன்னா விடுவினம்."

"திரும்ப நடந்தால்?"

"நடக்காது. நான் அவனோட கதைக்கிறன்."

"இனி ஒருத்தர் செத்துப்போனால்?"

அவள் பக்கத்தில் யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். "சொல்லு எண்டுறன்," என்றுவிட்டு வைத்தாள்.

அன்றிரவு முழுக்கவும் எனக்குள் 'பாக்கிறன் மெடம்' என்பதையே சொல்லிப் பழகினேன். காலையில் பஸ்ஸிலும் சொன்னேன். அறைக்குள் போகும்போதும் அதுதான் வாயில் இருந்தது.

அவனை ஒரு கொன்ஸ்டபிள் கூட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தினார். கன்னத்தில் காயம் ஆறிக் கறுத்திருந்தது. இலவச சட்ட உதவியில் வந்த இளம் சட்டத்தரணி, அவன் ஓடாமல் நின்றதை எடுத்துச் சொன்னார். நீதவான் அதைக் கேட்டார், எழுதினார். பிறகு பேனையை மூடிவைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"முதல்ல எச்சரிச்சுப் பாத்தாச்சு. பிணையில விட்டம். தொழில் பழக விட்டம். வீட்டில வச்சுப் பாத்தம். இதெல்லாம் உம்மை அனுப்பக்கூடாது எண்டதுக்காகத்தான் செய்தது. விளங்குதோ?"

"ஓம் மெடம்."

"இனி என்ன செய்யலாம் எண்டு நீர் நினைக்கிறீர்?"

"தெரியாது மெடம்." அவன் பொய் சொல்லவில்லை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. நீதவானுக்கும் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் தன் மேசையிலிருந்த கோவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. இவரை வீட்டில வச்சுப் பாக்க உங்களுக்கு ஏலுமோ?"

மேசைக்கு மேல் கண்ணாடி போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு கலண்டர். மின்விசிறியின் நிழல் அதன் மேல் சுற்றியது. என் நாக்கில் இருந்த சொல் நாக்கிலேயே நின்றது. மனதுக்குள் ஆறு மணி வந்தது, இரண்டு பூட்டுகள் வந்தன, கஞ்சிக் கரண்டி வந்தது.

"ஏலாது மெடம்," என்றேன்.

நீதவான் பேனையைத் திறந்தார். பதினெட்டு வயது முடியும் வரை சான்றுபெற்ற பாடசாலையில் இருக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். பெயரில்தான் பாடசாலை. வடக்கே, மதிலும் காவலும் உள்ள இடம்.

வெளியே நடையில் அவனோடு கதைக்க விட்டார்கள். நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன்; அழுகை வரவில்லை. அவன்தான் கதைத்தான்.

"சித்தி, உடுப்பு அனுப்பேக்க அந்த நீலச் சேர்ட் வேண்டாம். அது சின்னனாப் போச்சு."

"சரி."

"சாரம் ரெண்டு வையுங்கோ."

"வைக்கிறன்."

ஜீப் வந்தது. ஏறிப் போனான்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டாமல் படுத்தேன். அடுத்த நாள் காலை வரை அசையாமல் நித்திரை கொண்டிருக்கிறேன். எழும்பியபோது உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வாரமே இரவுக் கடமை கேட்டு வாங்கினேன்.

அக்கா ஒரு தடவைதான் எடுத்தாள்.

"நீ ஓம் எண்டு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லேல்ல?"

"ஏலாதபடியால்."

"அவன் என்ட பிள்ளை."

"ஓம். உன்ட பிள்ளைதான்."

அதற்குப் பிறகு பல மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை. நான் என்ன சொல்லியிருந்தாலும் அனுப்பித்தான் இருப்பார்கள் என்று உத்தியோகத்தர் பிறகொருநாள் சொன்னார். உண்மையாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று கேட்க நான் துணியவில்லை. கேட்டிருந்தாலும் அக்கா நம்பியிருக்க மாட்டாள்.

மாதத்துக்கு ஒரு முறை அவனைப் பார்க்கப் போனேன். விடியப் பஸ் ஏறி, வவுனியாவில் மாறி, மத்தியானம் போய்ச் சேருவேன். ஒரு மேசை, இரு பக்கமும் வாங்கு. முதல் தடவைகளில் தலையைக் குனிந்தபடி இருந்தான். பிறகு சாப்பாட்டைப் பற்றி, தச்சு வேலை பழக்கும் மாஸ்டரைப் பற்றிச் சொன்னான். தங்கள் விடுதியில் இரவில் கதவை வெளியால் பூட்டுவார்கள் என்றும், சின்னப் பொடியன்கள் முதல் கிழமை அழுவார்கள் என்றும் சொன்னான். தான் அழுதானா என்று சொல்லவில்லை. மீன்காரர் கிளினிக்குக்கு வந்தார், ஊன்றுகோலோடு நடக்கிறார், நீ எப்போது வருவாய் என்று கேட்டார் என்று நான் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

இரண்டாம் வருடம் ஒரு நாள், நான் எழும்பப் போகும்போது, தானாகவே சொன்னான்.

"நீங்கள் ஏலாது எண்டது எனக்குக் கோபமில்லை சித்தி. உங்களுக்கு ஏலாதெண்டு எனக்கு முதலே தெரியும்." பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னான். "ஆனா என்னைப் பாத்துச் சொல்லியிருக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

போன வருடம் அவனை விட்டார்கள். அதற்கு முன்பே அக்கா ஒப்பந்தம் முடிந்து வந்துவிட்டாள். பாலையூற்றில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, தானே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போது ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அவன் வந்து சில கிழமைக்குப் பிறகுதான் அக்கா எனக்கு எடுத்தாள். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு சாப்பிட வா," என்றாள்.

போனேன். அவன் என்னைவிட உயர்ந்திருந்தான். மூவரும் நிலத்தில் பாய் போட்டு இருந்தோம். மீன் குழம்பு, கத்தரிக்காய். அவன் வேகமாகச் சாப்பிட்டு முடித்தான். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பாமல் இருந்தான்.

"அம்மா, கழுவட்டோ?"

"கழுவு."

கழுவிவிட்டு வந்து கதவடியில் நின்றான். கதவு விரியத் திறந்துதான் இருந்தது. வெளியே நல்ல வெயில்.

"அம்மா, வெளியில போய் நிக்கட்டோ?"

அக்கா சோற்றைப் பிசைந்தபடி பதில் சொல்லாமல் இருந்தாள். அவன் அசையவில்லை. எத்தனை நேரம் என்றாலும் அப்படியே நிற்பான் போலிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"இப்பிடித்தான்," என்றாள் மெதுவாக. "ஒண்டும் கேக்கத் தேவையில்லை எண்டு நூறு தரம் சொல்லிப்போட்டன். எல்லாத்துக்கும் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

அவன் இன்னும் கதவடியில்தான் நின்றான். அவனுடைய முகத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

"போ தம்பி."

அவன் போய் படலைக்கு உள்ளே, நிழலில் நின்றான். அக்கா சட்டியை இழுத்து, மீன் தலைத்துண்டை எடுத்து என் கோப்பையில் வைத்தாள். சாப்பிடச் சொல்லவில்லை. நான் சாப்பிட்டேன்.